குமரி மண்ணில் எழுந்த கேள்விகள்

வியாழன், நாகர்கோவில்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முக்கடல், விவேகானந்தர் பாறை, திற்பரப்பு, பத்மநாபபுரம் அரண்மனை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். எனக்கு இந்த முறை போக வேண்டிய இடங்கள் வேறு. இந்த மாவட்டத்தின் மணல், சேறு, காற்று, இங்கே வாழ்ந்தவர்களின் வயிறு, இவற்றிலிருந்து எழுந்து உலக அறிவியலுக்குப் போன கேள்விகள் சில உண்டு. அவை எழுந்த இடங்களில் நின்று பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. வடசேரியில் சித்தி வீடு இருக்கிறது. சித்தி மகள் நர்ஸ். லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரோடு தயாராக இருந்தாள்.

இன்று வெயில் தாழ்ந்த பிறகு ஸ்காட் கிறித்தவக் கல்லூரிப் பக்கம் போனோம். கணிதவியலாளர் எஸ்.எஸ். பிள்ளை இண்டர்மீடியட் படித்த கல்லூரி. 1901-ல் செங்கோட்டைக்கு அருகே வல்லத்தில் பிறந்தவர். படிக்கும் வயதில் தகப்பனாரை இழந்து, பள்ளி ஆசிரியர் ஒருவரின் உதவியால் படிப்பைத் தொடர்ந்து, நாகர்கோவில் வந்து, பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். ராமானுஜனின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தமிழ்நாட்டில் தெரியவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

அவர் எடுத்துக்கொண்ட கணக்கு 1770-ல் வாரிங் என்ற ஆங்கிலேயர் கேட்டது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம். கனங்கள் என்றால் அதிகபட்சம் ஒன்பது. அப்படியே நான்காம் படி, ஐந்தாம் படி, ஆறாம் படி என்று போனால் எத்தனை வேண்டும்?

டீக்கடையில் பேப்பர் கப்பை வைத்துவிட்டுத் தங்கச்சிக்கு 23-ஐக் கனங்களாகப் பிரித்துக் காட்டினேன். மூன்றின் கனம் 27 பெரிது, அதனால் இரண்டின் கனமான 8 தான் எடுக்க முடியும். இரண்டு 8, மிச்சம் 7-க்கு ஏழு ஒன்றுகள். ஆக ஒன்பது. ஆறாம் படிக்கு 703-ஐ எடுத்துக்கொள்ளலாம். இரண்டின் ஆறாம் படி 64, மூன்றின் ஆறாம் படி 729. 729 பெரிதாகிவிட்டதால் 64-ஐ வைத்தே சமாளிக்க வேண்டும். பத்து 64-கள் 640, மிச்சம் 63 ஒன்றுகள். மொத்தம் 73. ஆக 73-க்குக் குறைவாக முடியாது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. எந்த எண்ணுக்குமே 73-க்கு மேல் வேண்டாம் என்று நிரூபிப்பதுதான் மலை. 1940-ல் பிள்ளை அதை நிரூபித்தார். ஐந்தாம் படிக்கு விடை 1964-லும் நான்காம் படிக்கு 1986-லும்தான் வந்தன.

1950-ல் பிரின்ஸ்டனுக்கு அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்கும் போகிற வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். 49 வயது.

"அக்கா, இவருக்கு இங்க ஒரு செல வச்சிருக்காவளா?" என்று கேட்டாள் தங்கச்சி. சிலையைவிட, ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 703 பற்றி ஒரு பக்கம் இருந்தால் போதும் என்பேன். பென்சிலும் காகிதமும் உள்ள எந்தப் பிள்ளையும் அந்த மலையின் அடிவாரம் வரைக்குமாவது நடந்து போய்ப் பார்க்க முடியும்.

பிள்ளையின் கேள்விக்கு ஊர் கிடையாது, எங்கே உட்கார்ந்தும் கேட்டிருக்கலாம். நாளை பார்க்கப் போவது அப்படிப்பட்டதல்ல.

வெள்ளி, மணவாளக்குறிச்சி

மேற்குக் கடற்கரையில் ஜூன் தொடங்கினால் விசைப்படகுகளுக்கு இரண்டு மாதம் தடைக்காலம். கரையில் ஆள் நடமாட்டம் குறைவு. அலை மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் பார்க்க வந்ததும் அந்த அலை செய்யும் வேலையைத்தான்.

வள்ளியாறு கடலில் சேரும் இந்தப் பகுதியில் கரையின் நிறம் ஒரே மாதிரி இருக்காது. வெளிர் மணலுக்கு நடுவே கருப்புப் பட்டைகள், சில இடங்களில் கருஞ்சிவப்பு. முறத்தில் புடைக்கும்போது உமி பறந்து மணி நிற்கிற மாதிரி, பருவமழைக்கால அலை லேசான மணலைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு கனமானதைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. சாதாரண மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இங்கே அதோடு கலந்து கிடக்கும் கனிமங்களில் இல்மனைட் 4.7, சிர்கான் 4.6, மோனசைட் 5-ஐத் தாண்டும், கார்னெட் 4 அருகில். மனிதன் இயந்திரம் வைப்பதற்கு முன்பே கடல் பாதி வேலையை முடித்துவைத்திருந்தது.

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்த நியோடிமியம் காந்தம் ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதைக் காகிதத்தில் சுற்றி, காய்ந்த கருமணல் மேல் மெதுவாக நகர்த்தினேன். கருப்புத் துகள்கள் முதலில் வந்து ஒட்டின, அது இல்மனைட். காந்தத்தை இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனதும் இளஞ்சிவப்பு மணிகள் சில தொற்றிக்கொண்டன, அவை கார்னெட். காகிதத்தைப் பிரித்து உதறினால் எல்லாம் உதிர்ந்துவிடும். மிச்சம் இருந்ததைக் கையடக்க லென்ஸில் பார்த்தோம். கண்ணாடித் துண்டுபோல நிறமில்லாத மணிகள், கருஞ்சிவப்பில் ஒன்றிரண்டு, நடுவில் தேன் நிறத்தில் உருண்டையாக ஒரே ஒரு மணி. மோனசைட்டாகத்தான் இருக்க வேண்டும். தங்கச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு எழுந்தோம்.

அந்தத் தேன் நிற மணிக்கு வரலாறு பெரிது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய நகரங்கள் எரிவாயு விளக்கில் வாழ்ந்தன. ஆவுவர் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர், தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு 1 பங்கும் சேர்ந்த வலையைத் தீயின் மேல் மாட்டினால் வெளிச்சம் பல மடங்காகும் என்று கண்டுபிடித்தார். நம் வீட்டுக் கல்யாணங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேன்டில் அதே வலைதான். தோரியம் மோனசைட்டில் இருந்தது, மோனசைட் பிரேசில் கடற்கரையில் இருந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மோனசைட் இருந்தது. அந்தக் கயிறு எத்தனையோ துறைமுகங்களில் எத்தனையோ பேர் கையில் பட்டிருக்கும். ஒட்டியிருந்த மணலை அவர்கள் தட்டிவிட்டார்கள், இவர் தட்டிவிடவில்லை. அடுத்த ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்துவிட்டது. முதல் உலகப்போர் வந்ததும் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவானது. இன்று ஆலையை நடத்துவது அந்த அரசு நிறுவனம்தான்.

ஆலைக்குள் நடப்பதன் தத்துவம் என் கையிலிருந்த காந்தத்தின் பெரிய வடிவம். தண்ணீரில் ஓடவிட்டுக் கனத்தைப் பிரிக்கிறார்கள். காய வைத்து மின்புலத்தில் விடும்போது மின்சாரத்தைக் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைல் என்ற இன்னொரு டைட்டானியக் கனிமமும் ஒரு பக்கம் போகின்றன, கடத்தாத சிர்கானும் மோனசைட்டும் மறுபக்கம். அப்புறம் வெவ்வேறு பலமுள்ள காந்தங்கள். பலம் குறைந்த காந்தத்துக்கு இல்மனைட் வரும், பலமான காந்தத்துக்கு மோனசைட் வரும், சிர்கான் எதற்கும் அசையாது. இல்மனைட் வெள்ளைப் பெயின்ட்டுக்குத் தேவையான டைட்டானியம் டை ஆக்சைடாகிறது. கார்னெட் உப்புத்தாளுக்கும் இரும்பை வெட்டும் நீர்த்தாரைக்கும் போகிறது. சிர்கானிலிருந்து வரும் சிர்கோனியம் அணு உலையின் எரிபொருள் குழாயாகிறது, அதற்கு முன் அதோடு பிறந்த ஹாஃப்னியத்தைச் சுத்தமாக நீக்கியாக வேண்டும். ஏனென்றால் ஹாஃப்னியம் நியூட்ரான்களை விழுங்கிவிடும்.

இந்த மணிகள் வந்தது நமக்குப் பின்னால் தெரியும் மலைகளிலிருந்து. புவியியலாளர்கள் தென்கோடிப் பாறைத் தொகுதிக்கு நாகர்கோவில் பெயரையே வைத்திருக்கிறார்கள். சார்னோக்கைட், கொண்டலைட் என்று இங்குள்ள பாறைகள், பூமிக்கடியில் கடும் வெப்பத்தில் வெந்து மாறியவை. அதே வகைப் பாறைகள் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்க்டிகாவிலும் உண்டு, எல்லாம் ஒரே நிலமாக இருந்த காலத்தின் அடையாளம். அந்த வேக்காடு நடந்து சுமார் 55 கோடி ஆண்டுகள் என்று சொல்வதற்கும் மோனசைட்தான் சாட்சி. அதற்குள் இருக்கும் தோரியமும் யுரேனியமும் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து வயதைச் சொல்லிவிடலாம். தோரியத்தின் அரை ஆயுள் 1405 கோடி ஆண்டுகள். 55 கோடி ஆண்டுகளில் நூற்றில் மூன்று பங்குகூடக் குறைந்திருக்காது.

திரும்பும் வழியில் நெத்தோலி வாங்க நின்றோம். மீன் விற்ற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கையிலிருந்த லென்ஸைப் பார்த்து என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"மக்கா, நீங்க படிச்ச பிள்ளைகள்லா. இந்த மண்ணாலதான் எங்க கரைல கேன்சர் வருதுன்னு சொல்லுதாவ. நெசமா?"

இந்தக் கேள்வியை ஒற்றை வார்த்தையில் தீர்க்கக் கூடாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேரளத்தில் கருநாகப்பள்ளி கடற்கரையிலும் இதே மாதிரி தோரியம் கலந்த, கதிர்வீசும் மணல். அங்கே 1990 தொடங்கி வீடு வீடாகக் கதிரியக்கத்தை அளந்து, சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மணலின் கதிரியக்கம் கூடின வீடுகளில் புற்றுநோய் கூடியதாக அந்தக் கணக்கில் தெரியவில்லை. "அப்ப இல்லன்னு சொல்லுதியளா?" என்றார். அது அந்தக் கரையின் கணக்கு, அம்மா. உங்கள் கரைக்கு உங்கள் கணக்கு வேண்டும், அதைத் தமிழில் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்றேன். பீடியும் புகையிலையும் நிச்சயமாகக் கொல்லும் என்பதையும் சொன்னேன். "அத எங்க வீட்டுக்காரர்ட்ட வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மீனைக் கட்டிக் கொடுத்தார்.

கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை மீனவக் கிராமங்கள் எதிர்ப்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய பயம் கதிரியக்கம் மட்டுமில்லை, கரை கரைந்துபோகும் என்பதும்தான். மணலின் ஒவ்வொரு மணியையும் காந்தம் வைத்துப் பிரிக்கத் தெரிந்த அறிவியல், அந்த அம்மாவின் கேள்விக்கும் அதே அக்கறையோடு பதில் சொல்லக் கடமைப்பட்டது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சனி, நெய்யூர்

1838-லிருந்து இங்கே மருத்துவப் பணி நடக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கியது. நான் வந்தது இன்னொருவருக்காக. தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்.

1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் இருந்த அறுவை மருத்துவர் அவர். பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். அந்தத் துயரம் அவரை விட்டுப் போகவில்லை. ஊர் திரும்புவதற்கு முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர் நெய்யூருக்கு வந்தார். ஆஸ்பத்திரி முற்றம் நிறைய நோயாளிகள், வைத்தியம் பார்க்க ஒரே ஒரு டாக்டர். லண்டனில் நல்ல வேலை காத்திருந்தும் இங்கேயே வருவது என்று முடிவு செய்துவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் சுமார் 28,000 அடி வரை ஏறிவிட்டுத் திரும்பி இதே நெய்யூருக்கு வந்து கத்தி பிடித்தார். கால் நூற்றாண்டு அளவுக்கு இந்த ஊரில் இருந்தார், பிறகு வேலூரில் சொல்லிக்கொடுத்தார்.

அவருடைய மேசைக்குத் திரும்பத் திரும்ப வந்தது வயிற்றுப் புண். சிறுகுடலின் தொடக்கத்தில் புண், வழி அடைத்துக்கொண்டு சாப்பாடு இறங்காத நிலை. தென் திருவிதாங்கூரில் இது ஏன் இவ்வளவு? அவரும் உடன் வேலை பார்த்த ஆர் என்ற மருத்துவரும் நோயாளிகளின் சாப்பாட்டைக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள், 1936-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஏழைகளின் தட்டில் இருந்தது மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), கொஞ்சம் மீன், காரம். பாலும் காய்கறியும் அபூர்வம்.

மரச்சீனி இங்கே பரவியதில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாளுக்குப் பங்கு உண்டு. அரிசி கிடைக்காத வீடுகளைப் பஞ்சத்திலிருந்து காப்பாற்றிய கிழங்கு அது. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வராது. ஆனால் கேள்வி கேள்விதான். குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மெக்காரிசன், எலிகளைப் பிரித்து வைத்து ஒவ்வொரு ஊர்ச் சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்தார். பஞ்சாபிக் கோதுமை ரொட்டியும் பாலும் தின்ற எலிகள் நன்றாக இருந்தன. திருவிதாங்கூர் ஏழையின் சாப்பாடு தின்ற எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது.

இந்தக் கதை இத்துடன் முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அமிலத்தில் எதுவும் வாழாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005-ல் நோபல் பரிசு. சோமர்வெல் கத்தி வைத்து அறுத்ததை இன்று இரண்டு வார மாத்திரையில் தீர்க்கிறோம்.

"அப்போ சாப்பாடு காரணமில்லையா அக்கா? எங்க ஆஸ்பத்திரில இன்னைக்கும் காரத்தைக் கொறைங்கன்னுதான் டாக்டர் சொல்லுதார்."

அங்கேதான் சுவாரஸ்யம். இந்தியாவில் இந்தக் கிருமி வடக்கிலும் தெற்கிலும் பரவலாக உண்டு. ஆனால் புண் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வரவில்லை. கோதுமை தின்னும் பகுதிகளைவிட அரிசியும் மரச்சீனியும் தின்னும் பகுதிகளில் அதிகம். மைசூரில் அறுவை மருத்துவராக இருந்த டோவே, தீட்டாத தானியங்களிலும் சில பருப்புகளிலும் உள்ள கொழுப்புப் பொருள்கள் இரைப்பைச் சுவரைக் காப்பதாகப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார். கிருமி வந்ததும் சோமர்வெல்லின் நோட்டுப் புத்தகம் குப்பைக்குப் போய்விடவில்லை. ஒரே கிருமி ஏன் ஒரு ஊரில் புண்ணாகிறது, இன்னொரு ஊரில் சும்மா இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் நெய்யூர் நோயாளிகளின் தட்டுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

மத்தியானம் நாங்கள் சாப்பிட்டது மரச்சீனியும் மீன்கறியும். சித்தி எப்போதும் கிழங்கை நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி உப்புப் போட்டு வேகவைப்பார். அந்தத் தண்ணீரோடு கிழங்கிலுள்ள சயனைடு சேர்மங்களும் பெருமளவு போய்விடுகின்றன. வேதியியல் படிக்காத கைகள் செய்யும் வேதியியல். சித்தியிடம் இதை விளக்கினேன். "அம்மை செஞ்சா, நானும் செய்யுதேன்" என்றார்.

ஞாயிறு, தேரூர், மணக்குடி

சிறிய பயணம். கவிமணி பிறந்த தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்து 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. இவை இயற்கையாக அமைந்த ஏரிகள் இல்லை, பாசனத்துக்காக மனிதர் வெட்டிய குளங்கள். விவசாயத்துக்கு வெட்டிய குளத்தை மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகள் தங்கள் வழித்தடத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டன. ஜூனில் அந்த விருந்தாளிகள் இல்லை. ஆனாலும் தாமரை இலை மேல் நடந்துபோன இலைக்கோழியும், தண்டைக் காலில் பிடித்துத் தின்ற நீலத் தாழைக்கோழியும் இருந்தன. தாழைக்கோழியின் கால்விரல் நீளத்தைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போய்விட்டது.

பழையாறு கடலில் விழும் மணக்குடியில் 2004 சுனாமி பாலத்தையே பெயர்த்துப் போட்டது. அதன் பிறகு இங்கே நட்ட அலையாத்திச் செடிகள் இப்போது தலைக்கு மேல் நிற்கின்றன. பக்கத்தில் உப்பளம். மழைக்கு முன்பு வந்தால் பூநாரை பார்க்கலாம் என்றார் உப்பளத்துக்காரர்.

திங்கள், திருப்பதிசாரம், குலசேகரம்

கன்னிப்பூ எனும் முதல் போக நெல் நடவு முடிந்து சில வாரம் ஆன வயல்கள். இந்த ஊரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.பி.எஸ். என்று தொடங்கும் நெல் ரகங்கள் இங்கே உருவானவை. நான் நிலையத்துக்குள் போகவில்லை. எனக்கு வேண்டியது வரப்போரம் கிடைத்தது.

வயல்காரரிடம் கேட்டேன். "ஒரு நாத்துதான டீச்சர், பிடுங்குங்க" என்றார். சேற்றில் கையை விட்டு வேரோடு எடுத்தோம். மேலே ஒரு விரற்கடை மண் பழுப்பாக இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் கலந்த நீலக் கருப்பு, லேசாக முட்டை வாடை. வேரைத் தண்ணீரில் அலசினோம். சேறு போன பிறகும் வேர் வெள்ளையாகவில்லை. பழைய வேர்கள் முழுக்கச் செம்பழுப்புப் பூச்சு, நுனியில் புதிதாக வந்த வேர் மட்டும் வெள்ளை. நகத்தால் சுரண்டினால் பூச்சு துரு மாதிரி விரலில் ஒட்டுகிறது. துருவேதான்.

நிலத்தில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. மூச்சுக்கு வேறு வழி தேடி முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீஸ், பிறகு இரும்பு, பிறகு சல்ஃபேட் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கின்றன. எல்லாம் தீர்ந்த பிறகு மீத்தேன் வருகிறது. குமரியின் மண் செம்மண், இரும்பு நிறைந்தது, புளிப்பானது. காய்ந்திருக்கும்போது அந்த இரும்பு பாஸ்பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பயிருக்கு விடாது. தண்ணீர் நின்றதும் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறுகிறது, பிடித்திருந்த பாஸ்பேட் விடுபடுகிறது, மண்ணின் புளிப்பும் தணிந்து நடுநிலைக்கு வருகிறது. சுண்ணாம்பு போடாமல் வெறும் தண்ணீர் செய்யும் வேலை இது. இதையெல்லாம் திரட்டி ஒழுங்காக எழுதியவர் இலங்கையைச் சேர்ந்த பொன்னம்பெரும. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியல் பற்றி 1972-ல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். நம் பக்கத்து நாட்டுக்காரர், நம்மைப்போல நெல்லைச் சுற்றி வளர்ந்த மண்ணிலிருந்து வந்தவர் என்று நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்படியானால் அந்தத் துரு? நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. இலை வழியாக வந்த ஆக்சிஜன் வேர் வரை இறங்கி, கொஞ்சம் வெளியே கசிகிறது. வேரை நெருங்கும் கரைந்த இரும்பு அந்த இடத்திலேயே துருவாகிப் படிகிறது. அளவுக்கு மீறிய இரும்பு உள்ளே போய் நஞ்சாகாமல் இருக்க நெல் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வேலி. வயல்காரர் இதைக் கேட்டுவிட்டு, "எல வெங்கலம் கணக்கா மாறும்லா, அப்ப வேலி பத்தலன்னு அர்த்தமா?" என்றார். அதேதான். வேர் சமாளிக்க முடியாத அளவு இரும்பு ஏறினால் இலை வெண்கல நிறமாகும். தண்ணீரை வடித்து ரெண்டு நாள் காய விடுவது அதற்கு வழி. அவர் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் புதிதாகச் சொன்னது துத்தநாகம் பற்றி மட்டும். தண்ணீர் பாஸ்பேட்டை விடுவிக்கும், ஆனால் துத்தநாகத்தைக் கட்டிப்போட்டுவிடும். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்வது அதனால்தான்.

பிற்பகல் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்கள். அதே செம்மண், ஆனால் இங்கே தண்ணீர் நிற்காது, இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டை விடாது. அதனால் ரப்பருக்கு ராக் பாஸ்பேட், அதாவது பாஸ்பேட் பாறைத் தூள் போடுகிறார்கள். புளிப்பு மண்தான் அதை மெல்ல மெல்லக் கரைக்கும். சுண்ணாம்பு மண்ணில் போட்டால் கல்லாகவே கிடக்கும். பேச்சிப்பாறை வரை போக நினைத்திருந்தோம், மழை பிடித்துக்கொண்டது. மட்டிப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம்.

செவ்வாய், முப்பந்தல்

திண்டுக்கல் திரும்பும் வழி. ஆரல்வாய்மொழியில் இறங்கித் தங்கச்சியோடு ஒரு மணி நேரம் நின்றேன். காற்றில் பேச்சு எட்டவில்லை, கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இங்கே ஓர் இடைவெளி. அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று அதில் நெருக்கிப் பிதுங்கி வேகம் கூடி வருகிறது. அதனால்தான் சுமார் 1,500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகள் இங்கே குவிந்தன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அந்த ஆற்றலில் 59 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையும் எடுக்க முடியாது என்று பெட்ஸ் என்ற ஜெர்மானியர் கணக்கிட்டார். காற்று முழுவதையும் பிடித்துவிட்டால் பின்னால் வரும் காற்றுக்குப் போக வழி இருக்காதே.

பழைய காற்றாலைகளில் பற்சக்கரமும் சாதாரண ஜெனரேட்டரும்தான். பற்சக்கரம் இல்லாத புது வகைகள் சிலவற்றில் நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த நிரந்தரக் காந்தங்கள் இருக்கின்றன. நியோடிமியம் மோனசைட்டில் உண்டு. "அப்ப நம்ம மணல்தான் அங்க சுத்துதா?" என்று தங்கச்சி கேட்டாள். இப்போதைக்கு இல்லை. இந்தியாவின் மோனசைட்டை ஒடிசாவில் உடைத்து ஆலுவாவில் சுத்திகரிக்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் சமேரியம், கோபால்ட் காந்தம் செய்யும் ஆலை வந்திருக்கிறது. நியோடிமியம் காந்தத்துக்கு உலகம் இன்னும் சீனாவைத்தான் நம்பியிருக்கிறது. தாதுவைத் தோண்டுவதைவிட, ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் பதினைந்து தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது கடினம். அதற்குத்தான் ஆராய்ச்சி வேண்டும், இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அதற்குப் போனால் எனக்குச் சந்தோஷம். இஸ்ரோவுக்கு சிவனையும் நாராயணனையும் தலைவர்களாக அனுப்பிய மாவட்டம் இது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர நினைக்கும் ஆசிரியர்களுக்கு: காற்றுக்கும் கருமணலுக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட், பறவைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி. கடற்கரையில் அலைப்பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள், பருவக்காலத்தில் இழுப்பு அதிகம். லென்ஸ் பத்து மடங்கு பெரிதாக்குவது போதும், காந்தம் நியோடிமியமாக இருக்கட்டும், சாதாரணக் கருப்பு ஃபெரைட் காந்தம் இல்மனைட்டைத் தூக்காது. வயலில் இறங்கும் முன் வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், பிடுங்கிய நாற்றைத் திரும்ப நட்டுவிடலாம், பிடித்துக்கொள்ளும்.